லினக்ஸ் விஎம்மில் டிஸ்க் எரர், ஃபைல்சிஸ்டம் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர் வேலை பார்ப்பவர்களிடம் நடு ராத்திரியில் வரும் கேள்விகள் இவை. விஎம் என்பது ஒரு நிஜக் கணினிக்குள் (அதுதான் ஹோஸ்ட்) மென்பொருளால் ஓடும் விர்ச்சுவல் மெஷின். கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது நீங்கள் வழக்கமாக அடிப்பதுபோல் அடித்துக்கொள்ளுங்கள்.

நேற்று வரை நன்றாக ஓடிய விஎம்மில் இன்று எதை எழுதினாலும் ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்கிறது. யார் மாற்றியது?

யாரும் மாற்றவில்லை, லினக்ஸின் மையமான கர்னலே மாற்றிக்கொண்டது. டெபியன் இன்ஸ்டாலர் ரூட் பார்ட்டிஷனுக்கு எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) ‘எரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ’, அதாவது பிழை வந்தால் ரீட் ஒன்லி ஆகு, என்று எழுதிவைத்துவிடுகிறது. தன் கணக்குப் புத்தகத்தில் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளில்) ஏதோ இடிக்கிறது என்று எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் கண்டுகொண்டால், மேற்கொண்டு எழுதிக் கெடுக்காமல் கதவைச் சாத்திவிடுகிறது. அது நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அடையாளம்தான்.

பலர் முதலில் செய்வது ‘ரீமவுண்ட், ஆர்டபிள்யூ’ போட்டுப் பார்ப்பது. ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு) ஏற்கெனவே நின்றுபோயிருந்தால் கர்னல் மறுத்துவிடும், அது நல்லதுக்குத்தான். இரண்டாவதாகச் செய்வது ரீபூட். அதைத்தான் நான் தடுப்பேன். டிஸ்க் ரீட் ஒன்லி ஆனபிறகு லாக் எதுவும் டிஸ்கில் பதிவாகாது. என்ன நடந்தது என்ற சாட்சி மெமரியில், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ரீபூட் செய்தால் அதுவும் போச்சு. விஎம்முக்குள் ஃபைலாகச் சேமிக்கவும் முடியாது. ஆகவே உங்கள் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக டிமெசேஜை ஓட்டி, வெளியீட்டை லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து விநாடி வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த டிமெசேஜில் எதைத் தேட வேண்டும்?

முதல் வரியை. கடைசி வரியை அல்ல. கடைசியில் நூற்றுக்கணக்கில் ஓடும் எரர்கள் எல்லாம் முதலாவதன் எதிரொலிகள்.

முதலில் வந்தது ‘ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டர் இன்னது’ அல்லது ‘பஃபர் ஐ/ஓ எரர்’ என்றால், கோளாறு கீழே இருக்கிறது: விஎம் கேட்ட பிளாக்கை அடியிலிருந்து யாரும் கொடுக்கவில்லை. ஃபைல்சிஸ்டம் இங்கே பலியாள்தான், குற்றவாளி இல்லை. மாறாக ஐ/ஓ எரர் ஒன்றுகூட இல்லாமல், ‘எக்ஸ்ட்4-எஃப்எஸ் எரர்’ என்று ஆரம்பித்து, அழிக்கப்பட்ட ஐநோடை (ஒரு ஃபைலின் விவரப் பதிவு) ஒரு டைரக்டரி சுட்டுகிறது, செக்சம் பொருந்தவில்லை என்கிற மாதிரி வந்தால், பிளாக் ஒழுங்காகக் கிடைத்தது, ஆனால் அதில் எழுதியிருப்பது தப்பு. முன்னொரு நாள் நடந்த கோளாறு இன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது.

எந்த நாள் என்று தெரிய ‘ட்யூன்2எஃப்எஸ் மைனஸ் எல்’ ஓட்டிப் பாருங்கள். முதல் எரர் வந்த நேரம், கடைசி எரர் வந்த நேரம், மொத்தம் எத்தனை என்று சூப்பர்பிளாக்கிலேயே (ஃபைல்சிஸ்டத்தின் முதல் பக்கம் மாதிரி) எழுதி வைத்திருக்கும். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி இருந்தால், நேற்றைய பேக்கப்பை நம்பி உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை.

விஎம்மின் டிஸ்க் என்பது ஹோஸ்டில் ஒரு ஃபைல்தானே. அதில் எப்படி பேட் செக்டர் வரும்?

விஎம்மின் டிஸ்கில் வராது, அதற்கு அடியில் இருக்கும் இரும்பில் வரும். விஎம்முக்குள் உட்கார்ந்து ‘பேட்பிளாக்ஸ்’ ஓட்டுவது வாடகை வீட்டில் இருந்துகொண்டு அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’லை விஎம்முக்குள் ஓட்டினாலும் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. ஹோஸ்டில் ஓட்டுங்கள். 5, 197, 198 ஆகிய எண்களைக் கவனியுங்கள்: மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள், படிக்கவே முடியாதவை. 199 ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஆனால் விஎம் உலகில் ஐ/ஓ எரர் என்றாலே டிஸ்க் செத்துவிட்டது என்று பொருளில்லை. ஸ்டோரேஜ் பதில் சொல்லத் தாமதித்தாலும் இதே எரர்தான். லினக்ஸில் ஸ்கஸி டிஸ்குக்கு டைம்அவுட் இயல்பாக 30 விநாடி. விஎம்வேர் டூல்ஸ் போட்டால் அது 180 விநாடியாக ஏறும். இந்தச் சின்ன வித்தியாசத்தை நான் நேரில் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் ஒரே ஸ்டோரேஜில் 14 விஎம்கள். ஸ்டோரேஜின் ஒரு கன்ட்ரோலர் விழுந்து இன்னொன்று பொறுப்பேற்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆயிற்று. 11 விஎம்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, ஸ்டோரேஜ் திரும்பி வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடின. மூன்று மட்டும் ரீட் ஒன்லி ஆயின. ஏன் அந்த மூன்று என்று அரை நாள் மண்டையை உடைத்தோம். கடைசியில் பார்த்தால், அந்த மூன்றில் மட்டும் யாரோ ‘மினிமல்’ இன்ஸ்டால் செய்து ஓப்பன்-விஎம்-டூல்ஸ் (விஎம்வேர் டூல்ஸின் திறந்த மூலப் பதிப்பு) போடாமல் விட்டிருந்தார்கள். /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட் என்ற ஃபைலைத் திறந்து பார்த்தபோது மூன்றிலும் 30 என்று இருந்தது.

உங்களிடமும் பல விஎம்கள் ஒரே சமயத்தில் படுத்தால், ஒவ்வொன்றாகப் பழுது பார்க்கப் போகாதீர்கள். அந்த நேரத்து ஸ்டோரேஜ் லாகைக் கேளுங்கள்.

டேட்டாஸ்டோர் (விஎம் டிஸ்க் ஃபைல்களை வைக்கும் இடம்) நிரம்பினாலும் இப்படி ஆகுமா?

தின் ப்ரொவிஷன் செய்த (எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும்) டிஸ்குகள் என்றால் ஆகும். விஎம்முக்குள் ‘டிஎஃப்’ போட்டால் பாதி காலி என்று காட்டும், ஹோஸ்டில் ஒரு பைட் இடம் இருக்காது. மறந்துபோன ஸ்னாப்ஷாட்தான் பெரும்பாலும் தின்றிருக்கும். இடமில்லை என்றால் கேவிஎம் (லினக்ஸ் ஹோஸ்டில் விஎம்களை ஓட்டுவது) வழக்கமாக விஎம்மை நிறுத்திவைக்கும், அதை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் ‘ஐஓ-எரர்’ என்று நிலை தெரியும். விஎம்வேரும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும். அந்த நிலையில் பதறி ரீசெட் அடிக்காதீர்கள். ஹோஸ்டில் இடம் பண்ணிக்கொடுத்துத் தொடரச் சொன்னால் பெரும்பாலும் விஎம்முக்கு நடந்ததே தெரியாமல் எழுந்து ஓடும்.

சரி, ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்செக்கை ஓட்டலாமா?

ஓட்டலாம். அதற்கு முன் இரண்டு கேள்விக்கு ஆமாம் என்று பதில் இருக்க வேண்டும். அடியில் இருந்த கோளாறு சரியாகிவிட்டதா? டிஸ்கின் நகல் ஒன்று கையில் இருக்கிறதா?

எஃப்எஸ்செக்கை மருத்துவர் என்று நினைக்கிறோம். நான் அதைக் கணக்கர் என்பேன். புத்தகத்தில் வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. ஒத்துப்போகாத ஒரு ஃபைலைக் கிழித்தெறிந்தால்தான் கணக்கு நேராகும் என்றால் கிழித்தெறியும். அது பிழையே இல்லை, அதன் வேலையே அது. அடியில் இன்னும் படிக்க முடியாத செக்டர்கள் இருக்கும்போது ஓட்டினால், அரைகுறையாகத் தெரியும் புத்தகத்தை வைத்து அது கணக்கை முடிக்கும்.

நகல் எடுப்பதில் விஎம்முக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விஎம்மை அணைத்து, டிஸ்க் ஃபைலை அப்படியே வேறு இடத்துக்குக் காப்பி எடுத்துவிடலாம். இரும்பு சர்வரில் இதற்கு இன்னொரு டிஸ்க் தேடி அலைய வேண்டும். ஸ்னாப்ஷாட்டும் போதும்தான், ஆனால் ஸ்னாப்ஷாட் அதே ஸ்டோரேஜில் இருக்கிறது. ஸ்டோரேஜே சந்தேகத்துக்குரியது என்றால் தனி நகல்தான். ஹோஸ்டில் டிஸ்க் உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தால் சாதாரண காப்பி நடுவழியில் நின்றுவிடும். அதற்கு ‘டிடிரெஸ்க்யூ’. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களை மேப் ஃபைலில் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும்.

மவுண்ட் ஆகியிருக்கும்போதே ஓட்டினால் என்ன?

கூடாது. ‘மைனஸ் என்’ போட்டு வெறுமனே பார்க்க மட்டும் ஓட்டலாமே என்பார்கள். அது எதையும் எழுதாது, உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல்சிஸ்டத்தைப் பார்த்தால் இல்லாத பிழைகளையெல்லாம் சொல்லும். அதை நம்பி இன்னொருவர் நிஜமாகவே ரிப்பேருக்குக் கிளம்பிவிடுவார்.

ரூட் பார்ட்டிஷனை எப்படி அன்மவுண்ட் செய்வது? நான் அதில்தானே இருக்கிறேன்?

மூன்று வழி. பூட் ஆகும்போதே ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுப் பரிதாபமான ஒரு ப்ராம்ப்டில் வந்து நின்றால், அங்கே ரூட் இன்னும் மவுண்ட் ஆகவில்லை, அங்கேயே எஃப்எஸ்செக் ஓட்டலாம். ரூட் எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தைப் பகுத்துத் தரும் அடுக்கு) இருந்து டிவைஸ் கண்ணில் படவில்லை என்றால் முதலில் ‘எல்விஎம் விஜிசேஞ்ச் மைனஸ் ஏஒய்’. பூட் ஆகிறது ஆனால் ஒருமுறை முழுச் சோதனை வேண்டும் என்றால், க்ரப் என்ற பூட் மெனுவில் கர்னல் வரியின் கடைசியில் ‘எஃப்எஸ்செக்.மோட்=ஃபோர்ஸ்’ சேர்த்துவிட்டு பூட் செய்யுங்கள். ‘எஃப்எஸ்செக்.ரிப்பேர்=யெஸ்’ என்பதையும் சேர்த்தால் கேள்வி கேட்காமல் சரிசெய்யும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: விஎம்மை அணைத்து, அதன் டிஸ்கை (நகல் டிஸ்காக இருந்தால் இன்னும் நல்லது) வேறொரு நல்ல விஎம்மில் இரண்டாவது டிஸ்காக மாட்டுவது. அங்கே எல்லாக் கருவிகளும் இருக்கும், நெட்வொர்க் இருக்கும், நிதானமும் இருக்கும். ஒரே எச்சரிக்கை: பழைய விஎம் அணைந்துதான் இருக்க வேண்டும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே ஒரு டிஸ்குக்கு ஒரு முதலாளி என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இரண்டு விஎம்கள் ஒரே சமயத்தில் மவுண்ட் செய்தால் சில நிமிடங்களில் குப்பையாகிவிடும். பகிர்ந்து எழுத ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்றவை தனியாக இருக்கின்றன.

‘மைனஸ் ஒய்’ போட்டுவிடலாமா? ஆயிரம் கேள்வி கேட்கிறதே.

நகல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். நகல் இல்லாவிட்டால், கேள்விகளைப் படித்துப் பதில் சொல்வதாலும் பெரிய லாபமில்லை. ஐநோட் 524301-இன் பிளாக் எண்ணிக்கை 8-ஆ 16-ஆ என்று கேட்டால் யாருக்குத்தான் தெரியும்? நாற்பதாவது கேள்வியில் எல்லோரும் ஒய் விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

என் வரிசை இது: முதலில் ‘மைனஸ் என்’, எவ்வளவு சேதம் என்று பார்க்க. பத்திருபது வரி வந்தால் ‘மைனஸ் பி’ (p), ஆபத்தில்லாததை மட்டும் தானாகத் திருத்தும். அது முடியாது என்று நின்றுவிட்டால்தான் ‘மைனஸ் ஒய்’. ‘இ2எஃப்எஸ்செக்’கில் ‘மைனஸ் இசட்’ என்று ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. மாற்றும் பிளாக்குகளின் பழைய வடிவத்தை ஓர் அண்டூ ஃபைலில் எழுதிவைக்கும். மனசு மாறினால் ‘இ2அண்டூ’வால் திரும்பப் போகலாம். மைனஸ் என்னிலேயே திரை நிற்காமல் ஓடினால் ரிப்பேரை மறந்துவிட்டுப் பேக்கப்பைத் தேடுங்கள்.

முடிந்தபின் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் சுத்தம், 1 என்றால் பிழை இருந்தது, திருத்தியாயிற்று. 2 என்றால் ரீபூட் செய்ய வேண்டும். 4 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது, மறுபடி ஓட்டுங்கள். ஒரே பிழை மூன்றாவது தடவையும் வந்தால் எழுதுவது டிஸ்கில் நிற்கவில்லை என்று அர்த்தம், மறுபடி ஹோஸ்டுக்குப் போங்கள்.

‘பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்’ என்கிறது. எல்லாம் போச்சா?

முதலில் சரியான டிவைஸைத்தான் கொடுத்தீர்களா என்று பாருங்கள். எஸ்டிஏ1 என்பதற்குப் பதில் எஸ்டிஏ என்று கொடுத்தாலும் இதே செய்திதான். எல்விஎம் அல்லது எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனைக் கொடுத்தாலும் இதேதான். ‘பிளாக்ஐடி’ ஓட்டினால் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

நிஜமாகவே சூப்பர்பிளாக் போயிருந்தால், எக்ஸ்ட்4 அதன் நகல்களை வைத்திருக்கிறது. 4கே பிளாக் என்றால் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில், அடுத்தது 98304-இல், பிறகு 163840-இல். ‘இ2எஃப்எஸ்செக் மைனஸ் பி 32768’ என்று கொடுங்கள் (இது சின்ன b, மேலே சொன்ன p அல்ல; பக்கத்தில் சூப்பர்பிளாக்கின் எண்). இணையத்தில் ‘எம்கேஇ2எஃப்எஸ் மைனஸ் என்’ ஓட்டி நகல்களின் இடத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்வார்கள். சரியான வழிதான், ஆனால் அந்த மைனஸ் என்னைத் தூக்கக் கலக்கத்தில் மறந்தால் டிஸ்க் ஃபார்மட் ஆகிவிடும். 32768-ஐ மனப்பாடம் செய்துகொள்வது எளிது.

எங்களிடம் எக்ஸ்எஃப்எஸ். எஃப்எஸ்செக் ஒரு விநாடியில் முடிந்து எல்லாம் சரி என்கிறதே?

அது எதையும் பார்க்கவேயில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எஃப்எஸ்செக் என்று பெயருக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் செய்யாமல் வெற்றி என்று திரும்பும். 2014-இல் வந்த ரெட்ஹாட் 7-இலிருந்து எக்ஸ்எஃப்எஸ்தான் அங்கே இயல்பு, ஆகவே இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. உண்மையான கருவி ‘எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்’.

அதை ஓட்டினால், லாகில் (எக்ஸ்எஃப்எஸ்ஸின் ஜர்னல்) பாக்கி இருக்கிறது, முதலில் மவுண்ட் செய்து வா என்று பெரும்பாலும் மறுக்கும். சொன்னபடி ஒருமுறை மவுண்ட் செய்து, அன்மவுண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். மவுண்டே ஆகவில்லை என்றால் ‘மைனஸ் பெரிய எல்’ இருக்கிறது. அது லாகைத் துடைத்தெறிகிறது. கடைசி நிமிடங்களில் நடந்த மாற்றங்கள் அந்த லாகில்தான் இருந்தன. இதை நகல் இல்லாமல் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று, எக்ஸ்எஃப்எஸ் ரீட் ஒன்லி ஆகாது. கடையையே மூடிவிடும். ‘எல்எஸ்’ போட்டால்கூட ‘இன்புட்/அவுட்புட் எரர்’ வரும்.

க்யூகவ்2 இமேஜே (கேவிஎம்மில் விஎம்மின் டிஸ்காக இருக்கும் ஃபைல்) கெட்டிருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. விஎம்மை அணைத்துவிட்டு ‘க்யூஎமு-இமேஜ் செக்’ ஓட்டுங்கள். ‘லீக்’ என்று மட்டும் சொன்னால் இடம் வீணாகியிருக்கிறது, டேட்டாவுக்குச் சேதமில்லை. ‘எரர்’ என்றால் கவலைப்பட வேண்டியதுதான். ‘மைனஸ் ஆர்’ போட்டுத் திருத்தலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் இமேஜில் ஒருபோதும் வேண்டாம். இமேஜ் சரியான பிறகுதான் உள்ளே எஃப்எஸ்செக்.

எஃப்எஸ்செக் முடிந்தது, ‘க்ளீன்’ என்கிறது. இனி நிம்மதியாகத் தூங்கலாமா?

இன்னும் இல்லை. முதலில் லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியைத் திறந்து பாருங்கள். பெயரை இழந்த ஃபைல்கள் #524301 மாதிரி ஐநோட் எண்ணோடு கிடக்கும். ‘ஃபைல்’ கட்டளையால் எது டெக்ஸ்ட், எது டேட்டாபேஸ் என்று கண்டுபிடிக்கலாம். பெயர்களை நீங்களேதான் வைக்க வேண்டும்.

எக்ஸ்ட்4 தன் கணக்குப் புத்தகத்துக்குத்தான் செக்சம் வைத்திருக்கிறது, ஃபைலுக்குள் இருக்கும் உங்கள் டேட்டாவுக்கு இல்லை. ஆகவே ‘க்ளீன்’ என்பது புத்தகம் நேராக இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் மட்டும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டும் டேட்டாவுக்கும் செக்சம் வைப்பவை, அங்கே ‘ஸ்க்ரப்’ ஓட்டினால் தெரியும். மற்றபடி சிஸ்டம் ஃபைல்களுக்கு டெபியன் பக்கம் ‘டெப்சம்ஸ்’, ரெட்ஹாட் பக்கம் ‘ஆர்பிஎம் மைனஸ் விஏ’ ஓட்டி, எந்த பேக்கேஜ் மாறியிருக்கிறதோ அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள்.

டேட்டாபேஸ் இருந்தால் அதைத் தனியாகவே சோதிக்க வேண்டும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினர் ஒரு விஷயத்தைக் கண்டு அதிர்ந்தார்கள்: லினக்ஸில் ‘எஃப்சின்க்’ (டிஸ்கில் எழுதிமுடி என்ற கோரிக்கை) ஒருமுறை தோற்றால், அடுத்த முறை கேட்கும்போது வெற்றி என்று சொல்லிவிடலாம், நடுவில் எழுத வேண்டியது எழுதப்படாமலே காணாமல் போயிருக்கும். 2019-இல் வந்த பதிப்புகளிலிருந்து எஃப்சின்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே விழுந்து, தன் லாகிலிருந்து மீண்டெழுகிறது. அதனால் ஐ/ஓ எரர் வந்த இரவில் டேட்டாபேஸ் தானாக விழுந்திருந்தால் கோபிக்காதீர்கள். முழு டம்ப் ஒன்று எடுத்துப் பாருங்கள், எல்லா வரிசையும் படிக்க முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பவர் பட்டனை அமுக்கி அணைத்ததால்தான் கெட்டதா?

ஜர்னல் இருக்கும் ஃபைல்சிஸ்டம் அதைத் தாங்கும், தாங்கத்தான் ஜர்னல். ஆனால் ஜர்னலின் நம்பிக்கையெல்லாம் ஒரே வாக்குறுதியில் நிற்கிறது: ‘ஃப்ளஷ்’ என்று சொன்னால் டிஸ்க் உண்மையாகவே எழுதிவிட்டுத்தான் சரி என்று சொல்லும் என்பது. கேவிஎம்மில் கேச் மோட் ‘அன்சேஃப்’ என்று வைத்தால் அந்த வாக்குறுதி காற்றில் போய்விடும். விர்ச்சுவல்பாக்ஸும் வேகத்துக்காக ஃப்ளஷைக் கண்டுகொள்ளாமல் விடுவது வழக்கம், செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். ஹோஸ்டே மின்சாரம் போய் விழுந்த இரவில் ஒரு விஎம் மட்டும் கெட்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் கேச் மோடைத்தான்.

கர்னலின் தவறாக இருக்க முடியாதா?

அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் 6.1.64 கர்னலில் எக்ஸ்ட்4 டேட்டாவைக் கெடுக்கும் பிழை இருந்ததால், டெபியன் 12.3 வெளியீட்டையே நிறுத்திவைத்தார்கள். மற்ற எல்லாச் சந்தேகமும் தீர்ந்தபின் பாருங்கள்.

க்ளவுடில் இருக்கிறோம். ஹோஸ்டைத் தொடவே முடியாதே?

அதே மூன்றாவது வழிதான். இன்ஸ்டன்ஸை நிறுத்தி, முதலில் வால்யூமுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்து, கழற்றி, அதே ஸோனில் இருக்கும் இன்னொரு இன்ஸ்டன்ஸில் மாட்டுங்கள். அந்த மீட்பு இன்ஸ்டன்ஸும் அதே இமேஜிலிருந்து பிறந்தது என்றால் இரண்டு டிஸ்குக்கும் ஒரே யுயுஐடி (டிஸ்கின் அடையாள எண்) இருக்கும். அது பூட் ஆகி முடிந்தபின் மாட்டுங்கள். முன்பே மாட்டினால் எந்த ரூட்டிலிருந்து எழுந்திருக்கிறது என்றே தெரியாமல் போகும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘நோயுயுஐடி’ ஆப்ஷன் இல்லாமல் மவுண்டும் ஆகாது.

பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் நின்று ‘எமர்ஜென்சி மோட்’ போகிறது. இதுவும் டிஸ்க் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. எஃப்எஸ்டேபில் இருக்கும் ஒரு டிஸ்கைக் கழற்றியிருப்பீர்கள், அல்லது யுயுஐடியில் ஓர் எழுத்து தப்பியிருக்கும். பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டுக் கைவிரிக்கிறது. ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போய் அந்த வரியைத் திருத்துங்கள், டேட்டா டிஸ்குகளுக்கு ‘நோஃபெயில்’ சேர்த்துவிடுங்கள். அதேபோல ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்று வந்து டிஎஃப்பில் இடம் இருந்தால், ‘டிஎஃப் மைனஸ் ஐ’ பாருங்கள். லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்கள் ஐநோடுகளை முடித்திருக்கும். இரண்டுக்குமே எஃப்எஸ்செக் தேவையில்லை.